முதியோர் இல்லப் பணியாளருக்குப் பெருந்தொற்றுக் கால வழிகாட்டல்: தூத்துக்குடிக் கரையை முன்வைத்து

முதியோர் இல்லத்துக்குள் நோய்த்தொற்று பெரும்பாலும் பணியாளரின் வழியாகவே நுழைகிறது. படுக்கையை விட்டு எழாதவர் வெளியே போய் எதையும் வாங்கி வருவதில்லை. அவரைக் குளிப்பாட்டுகிற ஆயா, கஞ்சி காய்ச்சுகிற சமையல்காரர், வாசலில் இருக்கும் காவலாளி, மருந்து வாங்கி வரும் பையன் ஆகியோர்தான் தினமும் வெளியுலகைத் தொட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள். தொற்றை வாசலிலேயே நிறுத்தக்கூடியவர்களும் அவர்களே. ஆகவே முதியவரைக் காக்கும் வேலை பணியாளரைக் காப்பதிலிருந்து தொடங்குகிறது. 2020, 2021 ஆண்டுகளில் இது தலைகீழாக நடந்தது. ஆணைகள் பணியாளரை நோக்கி வந்தன. அந்த ஆணையைச் செய்து முடிக்கத் தேவையான பொருளும் நேரமும் சம்பளமும் பின்தங்கி வந்தன, அல்லது வரவேயில்லை.

உலக சுகாதார அமைப்பு கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்று தனி வழிகாட்டலை அது மார்ச் 21 அன்று வெளியிட்டது. இந்தியாவில் ஏப்ரல் மாதம் வந்த அறிவுரை அறுபது வயதைக் கடந்தவர்களையே முன்னிலைப்படுத்திப் பேசியது: வீட்டிலேயே இருங்கள், யாரையும் நெருங்காதீர்கள், கைகழுவுங்கள். தானே நடமாடும் முதியவருக்கு அது போதும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த மூதாட்டிக்கு டயாப்பர் மாற்றுகிறவர் ஆறடி தள்ளி நிற்க முடியாது. ஒரு நாளில் பல முறை அவர் முகமும் மூதாட்டியின் முகமும் ஒரு முழத்துக்குள் வருகின்றன. இடைவெளி என்ற பாதுகாப்பு இல்லாத வேலை அது. அந்த இடத்தில் வேறென்ன பாதுகாப்பு தரலாம் என்று சொல்வதே பணியாளருக்கான வழிகாட்டல்.

தூத்துக்குடிக் கரையில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி முகம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கும் கோவாவுக்கும் அடுத்த நிலை இது. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை உள்ள கடற்கரை ஊர்களில் பிள்ளைகள் கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வேலை பார்க்க, பெற்றோர் ஊரில் தங்கிவிடுவது புதிதல்ல. உப்பளத்தில் பாத்தி மிதித்துக் கண்பார்வை மங்கிய பெண்கள், விறகடுப்புப் புகையில் நுரையீரல் நைந்தவர்கள், சங்கு குளித்துக் காது கேளாமல் போனவர்கள் எல்லாரும் இந்தத் தலைமுறையில் உண்டு. இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தவை. அப்போது இருபது வயதில் மூழ்கிய இளைஞர் 2020இல் எண்பதை நெருங்கியிருப்பார் அல்லது கடந்திருப்பார். இவர்களில் துணையற்றவர்களை ஏற்பவை கன்னியர் மடங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் சிறிய இல்லங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. நடைமுறையில் சுமையைத் தாங்குவது இந்தச் சின்ன இல்லங்கள்தான். அவற்றில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தாலே பெரிது. மற்றவர்கள் அக்கம்பக்க ஊர்ப் பெண்கள். கைப்பழக்கத்தில் கற்றுக்கொண்ட வேலை அவர்களுடையது, குறைந்த சம்பளம், எழுத்தில் இல்லாத விடுப்பு.

சம்பளமும் விடுப்பும் நோய்த்தடுப்பின் பகுதி என்பது பெருந்தொற்றுக் காலத்தில் தெளிவாக நிறுவப்பட்ட உண்மை. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லாந்து என்ற ஊரின் பராமரிப்பு இல்லத்தில் தொற்று வெடித்தது. ஆய்வாளர்கள் கண்ட காரணங்கள் எளியவை: உடம்புக்கு முடியாத பணியாளர்கள் வேலைக்கு வந்தார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள், கவசப் பொருள் போதவில்லை. அதே மாவட்டத்தின் இன்னோர் இல்லத்தில் எல்லாரையும் சோதித்தபோது, தொற்று உறுதியான முதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோதனை நாளில் எந்த அறிகுறியும் இல்லை. இங்கிலாந்தின் இல்லங்களில் நடந்த விவால்டி ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: நோய் விடுப்புக்குச் சம்பளம் தந்த இல்லங்களில் தொற்று குறைவு, ஏஜென்சி ஆட்களை அடிக்கடி மாற்றி அழைத்த இல்லங்களில் அதிகம். காய்ச்சல் வந்தால் வராதே என்று சுவரில் எழுதிவிட்டு, வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் இல்லத்தில், காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு ஆயா வேலைக்கு வருவார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அன்றைய உலை அந்தச் சம்பளத்தில் கொதிக்கிறது. ஆகவே எந்த வழிகாட்டலிலும் முதல் வரியாக இருக்க வேண்டியது இது: உடம்பு சரியில்லை என்று சொன்னவருக்குச் சம்பளம் பிடிக்கப்படாது.

அடுத்தது பணிமுறை. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் தடையுத்தரவு வந்தது, மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. பேருந்து நின்றது. வாசலில் ஆள் மாறுவதைக் குறைக்கவும் போக்குவரத்துச் சிக்கலைத் தவிர்க்கவும் பணியாளர்களை உள்ளேயே தங்கவைக்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூர் போன்ற இடங்களில் அரசே அதற்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்தது. ஒரு குழு பதினான்கு நாள் உள்ளே, அடுத்த குழு வீட்டில் என்பது வழக்கமான கணக்கு. தடுப்புக்கு நல்ல வழி, ஆனால் பால்குடிப் பிள்ளையுள்ள பெண்ணால் முடியாது, வீட்டில் வயதான மாமியாரைப் பார்ப்பவராலும் முடியாது. கட்டாயப்படுத்தினால் அவர்கள் வேலையை விட்டுவிடுவார்கள், மிஞ்சியிருப்பவர்மேல் சுமை இரட்டிக்கும். தங்க முடிந்தவரைத் தங்கவைத்து, முடியாதவரை முதியவரைத் தொடாத வேலைக்கு, அதாவது சமையலறைக்கும் துணி துவைப்பதற்கும் மாற்றிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே ஆயா ஒரே அறையின் முதியவர்களை மட்டும் பார்ப்பது என்ற ஏற்பாடும் பெரிய உதவி. யாருக்காவது தொற்று வந்தால் அந்த அறையோடு நிறுத்தலாம்.

வீட்டிலிருந்து வருகிறவருக்கு வாசலுக்கருகே ஒரு சிறு அறை வேண்டும். வெளிச் செருப்பை அங்கே கழற்றி, கைகழுவி, இல்லம் தரும் உடைக்கு மாறி உள்ளே போவது. அந்த உடையை இல்லமே துவைக்க வேண்டும். மோதிரம், வளையல், கைக்கயிறு, கடிகாரம் இவற்றைக் கழற்றி வைத்தால்தான் மணிக்கட்டுவரை சோப்பு போகும். தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள ஊர்களில் குழாயடியில் வரிசை நிற்காமல் இருக்க, குழாய் வைத்த டிரம் ஒன்றைப் படுக்கையறை வாசலிலேயே வைப்பது நல்லது. கை அழுக்காகத் தெரிந்தால் சோப்பு, மற்ற வேளையில் 60 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் கொண்ட கிருமிநாசினி. அதைத் தலைமாட்டில் திறந்து வைக்கக் கூடாது. நினைவு மறதி உள்ளவர் குடித்துவிடக்கூடும்.

காற்றைப் பற்றி வழிகாட்டல்கள் பொதுவாக ஜன்னலைத் திறந்து வை என்று ஒரு வரியில் முடித்துவிடும். கரையோர இல்லத்துக்கு இந்த வரி போதாது. காற்றோட்டம் நல்லது என்பதோடு அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் கணக்கில் வரும். ஆனி, ஆடியில் கச்சான் மேற்கிலிருந்து வறண்டு வீசும். மழைக்காலத்தில் வாடை வடக்கிலிருந்து வரும். வெயில் நாள் பிற்பகலில் கொண்டல் கடலிலிருந்து ஏறும். தனிமைப்படுத்தும் அறை எப்போதும் காற்று கடைசியாகத் தொட்டு வெளியேறும் ஓரத்தில் இருக்க வேண்டும். கச்சான் காலத்தில் கட்டடத்தின் கிழக்கு ஓரம், வாடைக் காலத்தில் தெற்கு ஓரம். கச்சான் வீசும்போது நோயுற்றவரை மேற்கறையில் படுக்கவைத்துக் கதவைத் திறந்துவிட்டால் அவர் மூச்சு முழு வராந்தாவையும் கடந்துதான் போகும். ஒரு நூலையோ ஊதுபத்திப் புகையையோ வாசலில் பிடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எந்தப் பணியாளரும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இந்தக் காற்றுகளின் பெயரோடு வளர்ந்த மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அறையை ஒதுக்கும்போது அவர்களைக் கேட்டால் போதும். அந்தியில் கொசுவுக்காக ஜன்னலை அடைப்பதுதான் நடைமுறைத் தடை. ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் செலவையும் நோய்த்தடுப்புச் செலவாகவே எழுதலாம்.

துப்புரவில் அதிகம் தவறுவது பிளீச்சிங் பவுடர் கரைசல். நல்ல பவுடரில் சுமார் 33 விழுக்காடு குளோரின் உண்டு. லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் போட்டால் ஒரு விழுக்காட்டுக் கரைசல். இரத்தம், சளி, மலம் சிந்திய இடத்துக்கு அது வேண்டும். கதவுப்பிடி, கட்டில் கம்பி, சக்கர நாற்காலிக் கைப்பிடிக்கு 3 கிராமே போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவிலிருந்து வரும் கணக்கு. இரண்டுக்கும் பத்து நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். பூசிய கையோடு துடைத்தால் பயனில்லை. கடற்காற்றின் ஈரத்தில் திறந்த மூட்டை சில வாரங்களில் வலுவிழக்கும் என்பதால் பவுடரை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்குக் கரண்டியில் கோடு கிழித்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் கலப்பார். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு இதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து எழும் குளோரின் வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. ஆள்மீது தெளிப்பதும் ஆகாது. 2020 ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய கிருமிநாசினிச் சுரங்கப் பாதைகளைத் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே சில நாள்களில் நிறுத்தச் சொன்னது.

முகக்கவசம் பணியாளருக்கு ஒரு ஷிப்டுக்கு ஒன்று என்று கணக்குப் போடுவது சித்திரை, வைகாசி வெயிலுக்குப் பொருந்தாது. வேர்வையில் நனைந்த கவசம் சரியாக வடிகட்டுவதில்லை, மூச்சும் முட்டும். இரண்டு மூன்றாவது வேண்டும். இரண்டாம் அலையின் உச்சம் 2021 மே மாதம், அதாவது அக்கினி நட்சத்திரத்தோடு சேர்ந்தே வந்தது. முழுக் கவச உடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை நிறுத்தக் கூடாது. நடுவில் மோர், உப்புக் கரைத்த கஞ்சித் தண்ணீர், ஓரிடத்தில் உட்கார்ந்து கவசத்தைக் கழற்றி இளைப்பாறும் இடைவேளை ஆகியவை ஏற்பாட்டில் எழுதியிருக்க வேண்டும். கவசத்தை அணிவதில் அன்றி, கழற்றுவதில்தான் தொற்று ஒட்டுகிறது: முதலில் கையுறை, கைகழுவல், பிறகு உடை, மீண்டும் கைகழுவல், கடைசியில் முகக்கவசம் நாடாவைப் பிடித்து. இதைத் தாளில் படித்துக் கற்க முடியாது. ஒருவர் கழற்ற இன்னொருவர் பார்த்துத் திருத்த வேண்டும்.

உணவூட்டும் வேளையில் பணியாளர் முதியவரின் நேர் முன்னால் உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால், புரையேறி இருமும்போது முகத்தில் தெறிக்காது. காது கேளாதவருக்குக் கவசத்துக்குள்ளிருந்து கத்துவதால் பயனில்லை. அவர் இத்தனை நாளும் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொண்டவர். மாத்திரை, சாப்பாடு, கழிப்பறை, வலி என்று நான்கைந்து படங்களை அட்டையில் ஒட்டிக் காட்டுவது உதவும். மறதி நோய் உள்ளவர் கவசம் போட்ட முகத்தைப் பார்த்துப் பயந்து கையைத் தட்டிவிடுவார். அவரை நன்கு பழகிய ஒரே பணியாளரிடம் விடுவதும், எட்ட நின்று ஒருமுறை முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டுக் கவசம் அணிந்து நெருங்குவதும் நல்ல வழி.

முதியவரிடம் நோயைக் கண்டுபிடிப்பது இளையவரிடம் கண்டுபிடிப்பதைப் போன்றதல்ல. காய்ச்சலும் இருமலும் வராமலே நோய் முற்றலாம். நேற்றுவரை தானாகச் சாப்பிட்டவர் இன்று தட்டைத் தள்ளுவது, பகலெல்லாம் தூங்குவது, திடீரென ஆளடையாளம் குழம்புவது, காரணமின்றிக் கீழே விழுவது போன்றவையே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். மருத்துவருக்கு இது தெரியாது, ஆயாவுக்குத்தான் தெரியும். பாட்டி இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கு என்று அவர் சொல்வது மருத்துவத் தகவல். அதை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும், கேட்டு உடனே செயல்பட ஒரு பொறுப்பாளரும் வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லங்களுக்குப் பரவலாக வந்தது இந்தக் காலத்தில்தான். 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனை என்ற விதி எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் உப்பளத்திலும் கடலிலும் உழைத்துத் தடித்த விரலில், மருதாணி இட்ட நகத்தில், இரத்தவோட்டம் குறைந்த குளிர்ந்த கையில் கருவி தடுமாறும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகத்தைச் சுத்தம் செய்து, கையை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்திருந்து, எண் நிலைத்த பிறகே எழுத வேண்டும். கருமையான தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 இறுதியில் அமெரிக்க ஆய்வு ஒன்று எச்சரித்தது; தமிழ்நாட்டு இல்லங்கள் அதைக் கவனத்தில் கொள்வது நல்லது. நாள்பட்ட நுரையீரல் நோயுள்ளவருக்கு நல்ல நாளிலேயே 93 இருக்கலாம். அதனால் நோயில்லாத நாளிலேயே ஒவ்வொருவருக்கும் எண்ணை எடுத்துக் கட்டில்தலையில் எழுதிவைத்தால், அதிலிருந்து மூன்று நான்கு குறைவதே எச்சரிக்கை என்று பணியாளர் தானே முடிவுசெய்யலாம். வேது பிடிப்பது இருமும் முதியவருக்கு உதவுவதைவிடக் கொதிநீர் கொட்டிச் சுடும் ஆபத்தே அதிகம். கபசுரக் குடிநீர் கொடுத்தாயிற்று என்பதற்காக எண் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆக்சிஜன் தூத்துக்குடிக்குத் தனித்த நினைவுள்ள பொருள். 2018 மே மாதம் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள்மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தபின் மூடப்பட்ட ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் ஆக்சிஜன் பிரிவை மட்டும் இயக்க உச்சநீதிமன்றம் 2021 ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது; மே மாத நடுவில் அங்கிருந்து டேங்கர் லாரிகள் கிளம்பின. ஆலையில் திரவமாக உருவாவது கட்டில்வரை வந்து சேர்வதற்குள் சிலிண்டர் தட்டுப்பாடு, ஆள் தட்டுப்பாடு என்று பல தடைகள். இல்லத்தில் அவசரத்துக்கு வைத்திருக்கும் சிலிண்டரைப் பற்றிப் பணியாளருக்குத் தெரிய வேண்டியது ஒரு சிறு கணக்கு. பி வகைச் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரம். டி வகையில் சுமார் 7000 லிட்டர்; அதே வேகத்தில் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. மணப்பாட்டிலோ பெரியதாழையிலோ உள்ள இல்லத்திலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் நேரத்தையும் படுக்கை கிடைக்கும் நேரத்தையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டே எப்போது அழைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தியோ சாமி படத்துக்கு விளக்கோ சாம்பிராணியோ கூடாது. முகத்தில் எண்ணெய் தடவுவதும் கூடாது. ஆக்சிஜன் செறிவாக்கி உள்ள இல்லத்தில் மின்வெட்டுக்கு மாற்று வேண்டும்.

தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடங்கியது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மார்ச் 1. மருத்துவமனைச் சான்று இல்லாத இல்லத்து ஆயாவைச் சுகாதாரப் பணியாளராகக் கொள்வதா என்ற குழப்பம் எழக்கூடியது. கையில் ஆதார் இல்லாத முதியவருக்குப் பதிவே சிக்கல். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கான தனி நடைமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்தபோது முதியோர் இல்லவாசிகளையும் சேர்த்தது. மே மாத இறுதியில் வீட்டருகே முகாம் நடத்தவும் வழி செய்தது. இரண்டும் இரண்டாம் அலை உச்சம் தொட்ட மாதத்தில் வந்தவை. ஆதார், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீட்டு அட்டை இவற்றை இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே சரிபார்த்து வைப்பதும், பணியாளருக்கு இல்லத்தின் பெயரில் அடையாள அட்டை தருவதும் எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியவை அல்ல.

பார்வையாளரை நிறுத்தியது தேவையாகத்தான் இருந்தது, ஆனால் அதன் பாரம் பணியாளர்மேல் விழுந்தது. மகன் குரலைக் கேட்க அழும் தாய்க்குத் தன் சொந்தக் கைப்பேசியில் வாட்ஸ்அப் அழைப்பு போட்டுக் கொடுப்பது அவர். கவலையும் கோபமுமாய் அழைக்கும் உறவினருக்குப் பதில் சொல்வதும் அவர். வாரம் இரண்டு முறை நேரம் குறித்து, இல்லத்தின் கைப்பேசியில், ஒரு பொறுப்பாளர் பேசவைப்பது இதைச் சரிசெய்யும். மரணம் இதைவிடக் கடினம். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கியதும், அடக்கத்தைத் தடுப்போருக்குத் தண்டனை தர மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்ததும் அந்தக் காலத்து அச்சத்தின் அளவைச் சொல்லும். பத்து வருடம் கையால் சோறூட்டிய முதியவர் உறையில் கட்டப்பட்டுப் போவதைப் பார்த்த ஆயாவும் துக்க வீட்டுக்காரர்தான். அவருக்கு அன்றைய ஷிப்டை மாற்றிக் கொடுப்பதும், மறுநாள் ஒன்றாக அமர்ந்து ஜெபமோ வழிபாடோ செய்ய அரை மணி நேரம் ஒதுக்குவதும், உறவினர் வந்தால் அவரையும் அழைத்து அறிமுகம் செய்வதும் வழிகாட்டலில் எழுதத் தகுந்தவை.

ஹாங்காங் 2003இல் சார்ஸ் நோயால் அடிபட்ட பிறகு, ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்திலும் தொற்றுத்தடுப்புப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பதும், ஒத்திகையும், முகக்கவச இருப்பும் கட்டாயமாயின. 2020 தொடக்கத்தில் அந்த இல்லங்கள் தப்பின. அதே ஹாங்காங்கில் 2022 தொடக்கத்தில் ஓமிக்ரான் முதியோர் இல்லங்களைச் சூறையாடியது. முதியவர்களில் பலர் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. இரண்டு அனுபவங்களும் தூத்துக்குடிக்கு வேண்டும். இருபது படுக்கை உள்ள இல்லத்தில்கூட ஒருவரைப் பொறுப்பாளராக்கி, அவருக்கு அந்த வேலைக்கென வாரத்தில் ஒரு பகல் ஒதுக்கலாம். ஒரு மாதத்துக்கான கவசம், கையுறை, ஆக்சிமீட்டருக்கு மாற்று பேட்டரி, நிரம்பிய சிலிண்டர், காலாவதியாகாத பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றின் இருப்பை மாதத்தின் முதல் திங்களன்று எண்ணிக் கையெழுத்திடலாம். ஃப்ளூ, டெங்கு, வயிற்றுப்போக்கு எதுவானாலும் முதல் இரண்டு மணி நேரத்தில் யார் என்ன செய்வது என்ற ஒத்திகையை, வாடைக்கு முன் ஐப்பசியில் ஒன்றும் கச்சானுக்கு முன் வைகாசியில் ஒன்றுமாக ஆண்டுக்கு இருமுறை நடத்தி, காற்றுக்கேற்பத் தனிமை அறையை அன்றே மாற்றி வைத்துவிடலாம்.